நாலாவது புள்ளி

குணரத்தினம் குனிந்து ஆரஞ்சுக் கூம்புகளை ஒவ்வொன்றாகத் தார்மீது வைத்துக்கொண்டு வந்தான். காலை ஒன்பதரை. செயின்ட்-மிஷேலுக்கு மேலே தூண்களில் ஏறிப் போகும் நாற்பதாம் நெடுஞ்சாலையைப் பனிமூட்டம் விழுங்கியிருந்தது. பக்கத்துத் தடத்தில் கார்கள் இரைந்தன, விளக்குகள்கூடத் தெரியவில்லை.

முன்னால் ஊர்ந்த லொறி சட்டென்று நின்றது.

"குணம் அண்ணை, இங்கை வாங்கோ." சாரதி அக்னெஸின் குரல் இறங்கியிருந்தது.

லொறித் திரையில் நெடுஞ்சாலை நீலக் கோடாக மொன்றியல் தீவைக் குறுக்கே வெட்டியது. கோட்டின்மேல் பச்சைப் புள்ளிகள். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் சிப் ஒன்றுக்கு ஒரு புள்ளி. நாலு புள்ளி எரிந்தால்தான் தடத்தை மூட அனுமதி.

அக்னெஸ், குணரத்தினம், முன்னால் வான் வண்டிக்குள் ஒப்பந்தகாரன் இரவிச்சந்திரன். மூன்று பேர்.

நாலாவது புள்ளி இருநூறு மீட்டர் பின்னால் நின்றது. பக்கத்தில் பெயர்: கஜீவன்.

"நேற்றுத்தானே அவன் செத்த முப்பத்தோராம் நாள்," என்றாள் அக்னெஸ். " அந்தியேட்டிச் சாப்பாடு சாப்பிட்டிட்டு வந்தனாங்கள்."

"வடைக்கு உப்பில்லை எண்டு நீர்தான் குறை சொன்னது. கேட்டிட்டான் போலை."

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

கஜீவன் காவல் ஆள். பின்னால் நின்று, தடம் மாறி வரும் வாகனத்தைக் கண்டால் கைஹோர்னை அடிப்பான். மற்றவர்கள் பாய்ந்து தப்பலாம். முப்பத்திரண்டு நாளுக்கு முன் அவன் ஹோர்னை அடித்தான். குணரத்தினம் பாய்ந்தான். கஜீவனுக்குப் பாய நேரம் இருக்கவில்லை.

கூம்பு வரிசையைப் பிடித்துக்கொண்டு குணரத்தினம் பின்னோக்கி நடந்தான். வரிசை முடியும் இடத்தில் ஓர் உருவம். ஆரஞ்சு உடல், வெள்ளைத் தலை. அசையவில்லை.

"கஜீவன்?" வாய் தானாகக் கூப்பிட்டது.

இரவிச்சந்திரன் தன் கையால் வைத்த முதல் கூம்பு அது. அதன் நுனியில் ஹெல்மெட். அதில் கஜீவனின் மகள் ஒட்டிய மஞ்சள் வாத்துப் படம், குறுக்கே வெடிப்போடு.

இடுப்பில் வோக்கி-டோக்கி கரகரத்தது. "அண்ணை, அதிலை கை வைக்காதேங்கோ," என்றான் இரவிச்சந்திரன். "புள்ளி போனால் வேலை நிக்கும்."

"காவலுக்கு ஆளை விடு. அதுவரைக்கும் நான் குனிய மாட்டன்."

"ஆள் கிடைச்சா விடமாட்டனே? மனுசியின்ரை ஸ்பொன்சருக்கு வேலைக் கடிதம் கேட்டனீங்கள். மறந்திட்டீங்களோ?"

முல்லைத்தீவில் அவன் மனைவி கனடா வர மூன்று வருடமாகக் காத்திருக்கிறாள். கோப்பில் குறைவது அந்த ஒரு தாள்தான். பனிக்குள் எங்கோ ஒரு டயர் கிறீச்சிட்டது. அவன் காது ஹோர்னை எதிர்பார்த்தது. ஹோர்ன் வரவில்லை.

"நான் போறன் தம்பி."

வோக்கி-டோக்கி மறுபடி கரகரத்தது.

"போறதெண்டால் போங்கோ. உங்கடை ஹெல்மெட்டை அடுத்த கூம்பிலை வைச்சிட்டுப் போங்கோ."

வைத்தான்.

வெளியேறும் பாதை லொறியைத் தாண்டி இருந்தது. அவன் கடந்தபோது இரவிச்சந்திரன் சாரதி இருக்கையில் ஏறியிருந்தான். அக்னெஸ் வாகனங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து கூம்பு வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

திறந்த கதவுக்குள் திரை தெரிந்தது. நாலும் பச்சை. பின்னால் இரண்டு புள்ளிகள், பக்கத்தில் பக்கத்தில், அசையாமல் நின்றன.