பதினோராண்டுத் தூசி

ஹ்லினிவ்கா ஊரின் மண்பாண்ட அருங்காட்சியகத்தில் முப்பத்தோராண்டுகளாகத் துப்புரவுப் பணி செய்துவந்த மோத்ரியாவுக்குப் பகை இரண்டு. ஒன்று தூசி, மற்றொன்று, எல்லைக்கு அப்பாலிருந்து மூன்றாண்டுகளாகக் குண்டு வீசிக்கொண்டிருந்த படை. பின்னது சன்னல்களை இருமுறை நொறுக்கியபோது, தரையோடு தரையாகப் படுத்திருந்தவள் எழுந்து கேட்ட முதற்கேள்வி, "இத்தனை சில்லையும் யாரு கூட்டுறது?" என்பதே.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு வண்டி வருவதாக ஏற்பாடு. அருங்காட்சியகத்தின் நாற்பத்து மூன்று பாண்டங்களையும் ஏற்றிக்கொண்டு அது மேற்கே போகும். வழியெல்லாம் குண்டு விழும் சாலை. வண்டி போய்ச் சேருமென்று உறுதிகூற எவராலும் இயலவில்லை. ஆகையால், ஏற்றுமுன் ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, கணினியில் முழு உருவமாக்கி, கடல்கடந்த சேமிப்பொன்றில் வைத்துவிடுவதென்று முடிவாயிற்று. மண் உடைந்தாலும் உருவம் எஞ்சும்.

இதற்கெனப் பொல்தாவா நகரிலிருந்து வந்திறங்கியவர் ஹோர்தி. நாற்பது வயதிருக்கும். போருக்கு முன் பல் செட் செய்பவராக இருந்தவர். கடைவாய்ப் பல்லின் உருவத்தைக் கணினியில் ஏற்றிப் பழகிய கையோடு பானைகளுக்கு வந்துவிட்டார்.

"பல்லும் பானையும் ஒண்ணுதான் அத்தை. பளபளன்னு இருந்தா கேமராவுக்குக் கண்ணு கூசும். மேல பொடி தூவி மங்கலாக்கிட்டாத்தான் உருவம் பிடிபடும்," என்று சொல்லி, ஒரு தகரக் குப்பியைக் குலுக்கி முதற்பானைமேல் அடித்தார்.

மோத்ரியா ஓடிவந்து பானையை மறித்தாள். "முப்பத்தோரு வருஷமா நான் தேச்சுத் தேச்சுப் பளபளப்பாக்கினத, மூணு நிமிஷத்துல அழுக்காக்கிட்டியேப்பா!"

"அழுக்கு இல்ல அத்தை, பொடி."

"பொடியா இருந்தா அழுக்கு, அழுக்கு இல்லன்னு ஆயிடுமா? உலகமே பாக்கும்னு சொல்றீங்க. ஜப்பான்காரன் பாத்தா என்ன நெனைப்பான்? அந்த ஊர்ல துடைக்க ஆளே இல்லன்னு நெனைப்பான்."

காப்பாட்சியர் யுகீம் சாவிச் தலைநகரிலிருந்து வந்த சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். அவரும் மோத்ரியாவும் பள்ளியில் ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள். ஆகவே, பிறர் முன்னிலையிலும் அவள் அவரை ஒருமையில்தான் அழைப்பாள்.

அந்தச் சுற்றறிக்கையைப் பற்றி ஒரு சொல் சொல்லியே ஆகவேண்டும். "பொருள்கள்மீது பொடி தூவித் துடைத்துப் படமெடுத்து அனுப்புக" என்று அதை எழுதியவர் எழுதியிருந்தார். தூவிப் படமெடுத்துத் துடைத்து என்றன்றோ இருந்திருக்க வேண்டும்! நாற்காலியும் முத்திரையும் கொடுக்கும் அரசு, வினையெச்சங்களை வரிசையாக நிறுத்தத் தெரிந்தவரா என்று ஒருவரையும் சோதித்துக் கொடுப்பதில்லை. எச்சம் இடம் மாறியதால் ஒரு சிங்கமே பறிபோக இருந்தது.

சிங்கமென்றால் பச்சை மெருகு பூசிய மண்சிங்கம். வயிறு நிறையச் சாராயம் ஊற்றி, வாய்வழியே வார்ப்பதற்கென்று செய்த பாண்டம். அதற்கு மனித முகம், முறுக்கிய மீசை. குயவர் தம் மாமனாரைப் பார்த்துச் செய்தாரென்பது ஊர்ப்பேச்சு. அருங்காட்சியகத்தின் முத்திரையிலிருப்பதும் அந்த முகந்தான். திங்கட்கிழமைதோறும் மோத்ரியா அதை வெந்நீரில் குளிப்பாட்டி, மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, மீசையைத் தனியாகத் துடைப்பாள்.

நாற்பத்திரண்டும் முடிந்து, வெள்ளி நண்பகல் சிங்கத்தின் முறை வந்தது. ஹோர்தி குப்பியைக் கடைசிச் சொட்டுவரை அடித்து முடித்தார். சிங்கம் சாம்பலில் புரண்ட பூனைபோல நின்றது. படமெடுக்கக் கேமராவைத் தூக்குகையில் அபாயச்சங்கு அலறியது.

"கீழ வாங்க!" என்று காப்பாட்சியர் ஓடினார்.

"நீங்க போங்க. சன்னல சாத்திட்டு வரேன்," என்றாள் மோத்ரியா.

சன்னல்களில் கண்ணாடியே இல்லையென்பதும், பலகை அடித்து நாளாயிற்றென்பதும் ஓடுகிற அவசரத்தில் எவருக்கும் நினைவில்லை. அவள் சிங்கத்தைப் பார்த்தாள். இந்த நொடியில் மேலே ஒன்று விழுந்தால், இந்தக் கோலத்திலா இது போவது? சுற்றறிக்கையிலும் துடைக்கத்தானே சொல்லியிருக்கிறது? இடுப்பில் செருகியிருந்த துடைக்கும் துணியை உருவினாள். மீசையைத் தனியாகத் துடைத்தாள். பிறகு நிலவறைக்கு இறங்கி, பீட்ரூட் சூப்பை மூவருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். அவள் மனம் நிறைந்திருந்தது.

சங்கு ஓய்ந்து மேலேறியபோது மணி ஒன்றே கால். வாசலிலேயே ஹோர்தி நின்றுவிட்டார்.

"யாரு துடைச்சது?"

"பேப்பர்ல போட்டிருக்கில்ல? தூவித் துடைத்து," என்றாள் மோத்ரியா.

காப்பாட்சியர் சுற்றறிக்கையைப் படித்தார். மறுபடியும் படித்தார். நாற்காலியில் சரிந்தார்.

"பொடி தீந்துபோச்சு அத்தை! வேற குப்பி கிடையாது!"

இருந்தும் ஒரு முறை பார்ப்போமென்று, ஹோர்தி சிங்கத்தை வெற்றுடம்பாகவே படமெடுத்துக் கணினியில் ஏற்றினார். திரையில் தோன்றியது சிங்கமன்று. அடுப்பருகே வைத்த மெழுகுவர்த்தி. முகமிருந்த இடத்தில் பெரிய ஓட்டை. மீசை மட்டும் ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் தொங்கியது.

மோத்ரியா அந்த மீசையையே உற்றுப் பார்த்தாள். வண்டி வழியில் சிக்கினால் உலகத்தில் எஞ்சப்போவது இதுதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"என் வீட்ல கோதுமை மாவு இருக்கு, ஓடிப் போய் எடுத்தாறேன்."

"வேண்டாம். மெருகுல பூரா மயிரிழை வெடிப்பு. உள்ள மாவு போனா வண்டு வைக்கும்," என்றார் காப்பாட்சியர். குழந்தைப் பவுடருக்கு மருந்துக்கடை பூட்டிக் கிடந்தது. சாக்கட்டிக்குப் பள்ளியில் கரும்பலகையே இல்லை.

"தூசி இருந்தாக் கூடப் போதும். நல்ல மெல்லிசான தூசி. ஒரு கைப்பிடி," என்றார் ஹோர்தி.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பின்னர்த் தேடத் தொடங்கினர். அலமாரித் தட்டுகள், நிலைப்படி, ஓடு பதித்த அடுப்பின் பின்புறம், சட்டங்களின் மேல்விளிம்பு, நிலவறையின் மூலை என எங்கே தடவினாலும் விரல் சுத்தமாகவே திரும்பியது. வெளியே இரவு பெய்த மழையில் தெருவெல்லாம் சேறு.

"இதென்ன மியூசியமா, ஆபரேஷன் தியேட்டரா!" என்று ஹோர்தி தலையிலடித்துக்கொண்டார்.

இதைவிட உயர்ந்த பாராட்டு மோத்ரியாவுக்கு முப்பத்தோராண்டில் கிடைத்ததில்லை. அதை அனுபவிக்கத்தான் முடியவில்லை. ஏனெனில் தூசி இருக்குமிடம் அவளுக்குத் தெரியும். காப்பாட்சியர் அறையில் கூரையை முட்டி நிற்கும் ஓக் மர அலமாரியின் உச்சி. முழங்கால் மக்கர் செய்யத் தொடங்கியதிலிருந்து அவள் ஏணி ஏறவில்லை. திங்கட்கிழமைதோறும் துடைப்பக் கட்டையால் அலமாரியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டி, "மேலயும் ஆச்சு!" என்று உரக்கச் சொல்லிவிடுவாள். பதினோராண்டாக இதுவே வழக்கம். செத்தால்தான் இது வெளியே வருமென்று நினைத்திருந்தாள்.

மணி ஒன்றே முக்கால். திரையில் மீசை இன்னமும் தொங்கிக்கொண்டிருந்தது.

"யுகீமு, ஏணிய எடுத்துக்கிட்டு உன் ரூமுக்கு வா."

"எதுக்கு?"

"கேக்காத. வா."

ஹோர்தி ஏறினார். மேலிருந்து குரல் வந்தது: "அடேயப்பா! அத்தை, இது தூசி இல்ல, கம்பளி!"

மோத்ரியா சுவரைப் பார்த்தபடி நின்றாள். காது சிவந்துவிட்டது. "போன வாரமும் துடைச்சேன்னு நீதானே சொன்னேன்னு கேளு யுகீமு. கேட்டுடு. துடைச்சேன்னு சொன்னேன்; எந்த வருஷம்னு சொன்னேனா?"

காப்பாட்சியர் கேட்கவில்லை. அவரும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேலிருந்து மறுபடியும் குரல்.

"இங்க ஒரு பாட்டில் இருக்கு. மிளகாய் போட்ட சாராயம். பாதி காலி. இதுமேல மட்டும் தூசியே இல்ல, பக்கத்துல கை வெச்ச தடம்கூட இருக்கு."

மோத்ரியா மெல்லத் திரும்பினாள். "அப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும்," என்றார் காப்பாட்சியர்.

"எத்தனை வருஷமா?"

"உனக்கு முட்டி வீங்கின வருஷத்துலேர்ந்து."

"ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ நொண்டிக்கிட்டே ஏறித் துடைச்சிருப்பே. அப்புறம் பாட்டில நான் எங்க வைக்கிறது?"

"ரெண்டு பேரும் அப்புறமா சண்டை போடுங்க. முறம், சல்லடை, ஏதாவது குடுங்க!" என்று மேலிருந்தவர் கத்தினார்.

மாவுச் சல்லடையில் சலித்தபோது, பதினோராண்டுத் தூசி பட்டுப்போல இறங்கியது. அதைச் சிங்கத்தின்மேல் தூவும் பொறுப்பை மோத்ரியா எவருக்கும் விடவில்லை. எங்கே எவ்வளவு ஒட்டும், எங்கே வழுக்கும் என்பதை அவளைவிட அறிந்தவர் யார்? பிடரிச் சுருள் ஒவ்வொன்றையும் தூரிகையால் தன் கையாலேயே அழுக்காக்கினாள். மீசையைத் தனியாக. சிங்கத்தைக் குயவர் சக்கரத்தின்மேல் ஏற்றி, அவள் அங்குலம் அங்குலமாகச் சுழற்ற, ஹோர்தி இருநூற்றுப் பதினான்கு படங்கள் எடுத்தார்.

இரண்டே முக்காலுக்குத் திரையில் சிங்கம் எழுந்து நின்றது. மீசை முகத்தில் இருந்தது.

"தேறிடுச்சு," என்றார் ஹோர்தி. "பொடி எந்த வகைன்னு படிவத்துல கேக்குது. தூசின்னு போடவா?"

"போட்டுப் பாரு, கைய முறிச்சுடுவேன்!"

"அப்போ என்ன போட?"

காப்பாட்சியர் படிவத்தை எட்டிப் பார்த்தார். "உள்நாட்டுத் தயாரிப்பு. பதினோராண்டு பதப்படுத்தியது."

மோத்ரியா கண்ணாடியை மாட்டி அதை எழுத்தெழுத்தாகப் படித்து, சரியென்றாள். வெளியே வண்டி ஒலியெழுப்பியது. உருவம் கடல்கடந்து போய்ச் சேர்ந்ததென்று கணினி அறிவிக்கும்வரை அவள் காத்திருந்து, அதன்பின்னரே இடுப்புத் துணியை உருவிச் சிங்கத்தைத் துடைத்தாள். தூவி, படமெடுத்து, துடைத்து, அனுப்பியாயிற்று. தலைநகரம் எழுதத் தவறிய வரிசை அவள் கையால் சரியாயிற்று.

வண்டி திருப்பத்தில் மறைந்ததும், காப்பாட்சியர் ஏணியை மடக்கப் போனார்.

"மேல கொஞ்சம் மிச்சம் இருக்கு மோத்ரியா. நான் வேணா ஏறித் துடைச்சுடட்டுமா?"

"தொட்ட, கொன்னுடுவேன். அடுத்த வருஷம் யாருக்கு என்ன தேவைப்படுமோ," என்றவள், நாற்காலியில் அமர்ந்து முழங்காலை நீவிக்கொண்டாள். "அந்தப் பாட்டில மட்டும் இறக்கு."