சுண்ணாம்புப் பொட்டு

...பின்னே எதை நம்பிக் கொடுப்பது, இந்தக் காலத்து ஆட்களிடம் செருப்பைத் தைக்கக் கொடுத்தால் வாரை மாற்றிவிடுகிறான், மிக்சியைக் கொடுத்தால் உள்ளே இருந்த செம்புக் கம்பியை உருவிக்கொண்டு அலுமினியத்தைச் சுற்றித் தருகிறான், கேட்டால் சிரிக்கிறான், சிரிப்புக்கு மட்டும் ஒரு குறைவும் இல்லை... அதனால்தான் வன்னியபெருமாள் நேற்றே வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, மகனுடைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய அந்த அட்டையில் கண்ணுக்குத் தெரிந்த சில்லுகளின் தலையிலெல்லாம் விரல்நுனியால் ஆளுக்கொரு பொட்டுச் சுண்ணாம்பு வைத்திருந்தார், இனி எவனாவது மாற்றட்டும் பார்க்கலாம். ஓவர்பிரிட்ஜ் பக்கத்து மாடிக்கடையில் அந்த ஆர்ஷா என்ற பெண் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவரையும் ஒரு தரம் பார்த்தாள். “அப்பூப்பா, இதில ஆரு சுண்ணாம்பு தேச்சது? இது என்ன வெத்தலையா?” மலையாளத்துப் பிள்ளை, தாத்தா என்று வாய் வராது, ஆனால் தமிழ் வியாபாரிகள் நிறைந்த சாலை என்ற கடைத்தெருவில் வளர்ந்ததால் தமிழும் கொஞ்சம் வருகிறது. அடையாளத்துக்கு, என்றார். “அப்ப நான் கள்ளியா?” இல்லை என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அவள் சிரித்துக்கொண்டே, பார், இவளும் சிரிக்கிறாள், பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்துச் சுண்ணாம்பையெல்லாம் துடைத்து எடுத்துவிட்டாள். நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். அவர் ஸ்டூலை இழுத்து மேசைக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

எப்படியும் வீட்டில் இருந்திருக்க முடியாது. கரமனை வீட்டில் இன்று காலை ஆட்கள் வருகிறார்கள், விழிஞ்ஞத்துக்காரன் ஒருவன், பெண்டாட்டியோடு... மகன் விஜய்குமாருடைய ஈரலை உள்ளே வைத்துக்கொண்டு வருகிறான். உங்களைப் பார்க்கணும் என்கிறார்கள் மாமா, காலைத் தொட்டுக் கும்பிடணுமாம், என்று மருமகள் லிபி நேற்று ராத்திரி சோறு போடும்போது சொன்னாள். அவர் மோரைக் கேட்டார். காலையில் அட்டையைச் சாக்காக வைத்துக் கிளம்பிவிட்டார், இது படத்தைத் திரையில் வரவைக்கிற அட்டை, மகன் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவன், ராவும் பகலும் இதை வைத்துத்தான் பிழைப்பு, அவன் போன பிறகு ஒரு நாள் லிபி மிஷினைப் போட்டபோது கருகல் வாடை வந்து திரை இருண்டுவிட்டது. புதுசு வாங்கிக்கலாம் மாமா என்றாள். புதுசு... அவளுக்கு எல்லாம் எளிது, ஒரு கையெழுத்தில் முடித்துவிடுவாள், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஈரலைக் கொடுக்கவும் அப்படித்தானே முடித்தாள், பேனா கையில் நடுங்கவாவது செய்ததா, அவர் பார்க்கவில்லை, படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டார், நடுங்கியிருக்குமோ என்னவோ.

ஆர்ஷா அட்டையைப் பூதக்கண்ணாடிக் குழலின் கீழே வைத்தாள், பக்கத்து டீவியில் அது பெரிதாக விரிந்தது. கடுகைவிடச் சின்னச் சாமான்கள், வரிசை வரிசையாக, சாலை கோடவுனில் அடுக்கிய மூட்டைகள் மாதிரி... எத்தனை வருஷம் சுமந்தார் அந்த மூட்டைகளை, அரிசி, புளி, வெல்லம், முதுகில் ஏறிய உடனே எடை சொல்லிவிடுவார், முதலாளிமார் தராசை விட்டுவிட்டு அவரைக் கேட்பார்கள். இதில் எது கெட்டது என்று கேட்டார். அவள் இடுக்கியின் முனையால் காட்டினாள், இரண்டு கருகியிருந்தன, ஒன்று குறுக்கே விரிசல் விட்டிருந்தது, இவ்வளவுதானா, இந்தக் கடுகுக்காகவா அவ்வளவு பெரிய மிஷின் படுத்துவிட்டது. அவள் மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு அட்டையை எடுத்தாள். அதே நிறம், அதே விசிறி, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அதன் மேல் சூடுகாற்றுக் குழலை நீட்டியபோது வன்னியபெருமாள் ஸ்டூலோடு முன்னால் நகர்ந்தார்.

“அதுல இருந்து எதுக்கு எடுக்க?”

“இது செத்துப்போச்சு, அப்பூப்பா. நடுவில இருக்க மெயின் சிப் போச்சு. சுத்தி நிக்கறது ஒண்ணுக்கும் கேடில்ல.”

“செத்துப்போச்சுன்னு ஆரு சொன்னா?”

மீட்டர் வைத்துப் பார்த்தாயிற்று, வேறு மிஷினில் போட்டும் பார்த்தாயிற்று என்றாள். மீட்டர்... அங்கேயும் அதைத்தான் சொன்னார்கள், டாக்டர்மார் இரண்டு தடவை சோதித்துப் பார்த்தாயிற்று, மூளை போய்விட்டது, மற்றதெல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று. மற்றதெல்லாம் நல்லபடியாக இருக்கிறவனை எந்தக் கணக்கில் செத்தவன் என்பது, பைபாஸில் பைக்கோடு விழுந்தவனுக்கு உடம்பில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை, தலையில்தான் எல்லாம். “ஒனக்கு இது வேணும்னா, அது செத்துட்டுன்னு நீ சொல்லலாம்லா,” என்றார். நியாயம்தானே. ஆர்ஷா குழலை அதன் கொக்கியில் மாட்டினாள். கோபப்பட்ட மாதிரி இல்லை. அந்த இரண்டாவது அட்டையை எடுத்து மேசை மேல் திறந்து கிடந்த மிஷினில் செருகி சுவிட்சைத் தட்டினாள், விசிறி ஒரு முறை தயங்கி, பிறகு சுற்ற ஆரம்பித்தது.

“ஓடுதே,” என்றார் வன்னியபெருமாள். “உசிரு இருக்குல்லா.”

“கரண்டு குடுத்தா விசிறி ஓடும், அப்பூப்பா. படம் வராது. எத்தற நேரம் வச்சாலும் வராது.”

திரை இருட்டாகவே இருந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை, விசிறியைப் பார்த்தார், நன்றாகத்தான் சுற்றுகிறது, ஒரு சத்தம் இல்லை, ஒரு ஆட்டம் இல்லை... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் நெஞ்சும் இப்படித்தான் ஏறி இறங்கியது, வாயில் குழாய், பக்கத்தில் ஒரு பெட்டி காற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தது, உள்ளே போய்க் கையைத் தொட்டால் சூடு, செத்தவன் கை சுடுமா, அவர் நர்சிடம் கேட்டார், அந்தப் பெண் அவர் தோளில் கை வைத்தது. மகன் நெற்றியில் ஒரு அடையாளம் வைக்க அங்கே யாரும் விடவில்லை, வைத்திருந்தால்தான் என்ன, எதை வைத்து அடையாளம் பார்ப்பது, உள்ளே இருப்பதற்கெல்லாம் யார் பொட்டு வைப்பது... இன்னும் ஒரு ராத்திரி வைத்திருங்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சினார், வைத்தார்கள், அந்த ராத்திரியும் விடிந்தது, விடிந்த பிறகும் நெஞ்சு அதேபோல ஏறி இறங்கியது, ஒரே மாதிரி, ஒரு பெருமூச்சுகூட இல்லாமல். விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. ஆர்ஷா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நிறுத்திரு புள்ள,” என்றார். “பாவம், அத எதுக்குச் சும்மா போட்டு சுத்த வைக்கணும்.”

சொன்னது தன் வாய்தானா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. அவள் சுவிட்சை அணைத்தாள். விசிறி உடனே நிற்கவில்லை, மெதுவாகி, மெதுவாகி, ஒரு இறக்கை அரைகுறையாகத் திரும்பி நின்றது. அவள் அதிலிருந்து கடுகுகளை ஒவ்வொன்றாகச் சூடுகாட்டிக் கழற்றி, மீட்டரில் தொட்டுப் பார்த்து, மகனுடைய அட்டையில் பசை தடவிய இடத்தில் வைத்தாள். கொஞ்சம் கோணலாகத்தான் வைத்தாள், அதைச் சொல்லலாம் என்று அவர் வாயைத் திறப்பதற்குள் ஈயம் உருகிப் பளபளத்தது, அந்தத் துண்டு யாரும் தள்ளாமலே அசைந்து, நேராகி, தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பிறந்ததே அங்கேதான் என்பது மாதிரி. இது வேறு வீடு என்று அதற்குத் தெரியாதா... விழிஞ்ஞத்துக்காரனுக்குள்ளே போனதும் இப்படித்தான் போய் உட்கார்ந்திருக்குமோ, நன்றி கெட்டது, என்று ஒரு நினைப்பு ஓடியது. யார் நன்றி கெட்டது, ஈரலா?

சோதித்துப் பார்த்தபோது திரையில் நீலமாக ஒரு கடல் படம் வந்தது. ஆர்ஷாவின் முகத்தில் சந்தோஷம். “வந்துட்டு,” என்று மட்டும் சொன்னார் அவர். அட்டையைப் பையில் வாங்கிக்கொண்ட பிறகும் அவர் போகாமல் நின்றார். செத்ததையும் தா, என்று கேட்டார். இன்னும் எடுக்க உண்டு அப்பூப்பா, இனியொருத்தருக்கு ஆகும் என்றாள். “எடுத்தது போதும்,” என்றார் வன்னியபெருமாள். அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அதை ஒரு பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள்.

படி இறங்கும்போது சட்டைப்பையில் போன் அடித்தது, லிபியாகத்தான் இருக்கும், அடிக்கட்டும். கீழே வந்து நடைபாதையில் நின்று, பையிலிருந்து இரண்டையும் எடுத்து கைக்கொன்றாக வைத்து எடை பார்த்தார், சும்மா, பழைய பழக்கம். வலது கை, இடது கை. மாற்றி வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எது கொடுத்தது எது வாங்கியது என்று கைக்குத் தெரியவில்லை... தைக்காட்டுச் சுடுகாட்டில் மகனுடைய தலைமாட்டைத் தூக்கியபோது கனமே இல்லை, இருபது கிலோ குறையும் என்று அத்தனை பேர் முன்னால் கத்தினாரே, காலியாக்கிட்டுத் தந்திருக்கானுவ, என் கை தராசாக்கும் என்று, லிபி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அதற்குப் பிறகு அவளிடம் சோறு, மோர் என்பதைத் தவிர ஒரு வார்த்தை உண்டா. அன்றைக்குக் கனம் குறைந்தது என்று சொன்னது எது, இந்தக் கையா... சே, அது வேறு இது வேறு, கடுகை எடுத்தால் எந்தக் கைக்குத் தெரியும், ஈரல் கடுகா. போன் மறுபடி அடித்தது. அவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள் போல. அந்த விழிஞ்ஞத்து ஆள் தடியனோ, எலும்பனோ, என்ன எடை இருப்பானோ, ஆளைத் தூக்கியா பார்க்க முடியும்... கரமனை பஸ் வந்து நின்று, கிளம்பிப் போனது. வன்னியபெருமாள் சாலைக் கடைத்தெருப் பக்கமாக நடந்தார், எவள் சொன்னாலும் நம்புகிறவர் இல்லை அவர், பையைக் கை மாற்றினார், கொஞ்சம் தூரம் போய் மறுபடியும் மாற்றினார்.