பின்கதவு வழியாக வருகிறவள்

…சிரிக்கிறானே, எதற்குச் சிரிக்கிறான், அறுபத்தொரு வயதில் ஒருத்தி முதல்முதலாகத் துப்பாக்கி வாங்க வந்தால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது, அல்லது இந்த ரஸலுக்கு முகமே அப்படித்தானா, கடைக்காரன் முகம், உள்ளே வருகிற ஆளை வாசலிலேயே எடை போட்டுவிட்டு வாயை மட்டும் விரித்து வைத்துக்கொள்கிற முகம்… அர்லீன் தோள்பையை விலாவோடு இறுக்கிக்கொண்டாள். மான் வேட்டை தொடங்க இன்னும் ஒரு நாள்தான் இருந்தது, கடை முழுக்க ஆரஞ்சுத் தொப்பிகள், ஆளாளுக்குக் கையில் காகிதக் கோப்பையில் காப்பி, நடுவழியில் ஒரு கிழட்டு நாய் படுத்துக் கிடந்தது, எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள், ஒருத்தரும் விரட்டவில்லை. இத்தனை ஆண்களுக்கு நடுவில் வந்து நிற்கும்படி ஆகிவிட்டதே என்று எரிச்சலாக இருந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பல் வைத்தியரிடம் போகிறேன் என்று பொய் வேறு சொல்லிவிட்டு, எல்லாம் யாரால்? அவளால். பெயர் தெரியாது, எந்த ஊர் என்று தெரியாது, அர்லீன் அவளை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை, புருஷன் வெண்டெல்தான் பார்த்திருக்கிறான், ஆனால் ஐந்து வாரமாக அவள் வீட்டுக்குள் வந்து போகிறாள், அதுவும் பின்கதவு வழியாக, தன் வீடு மாதிரி.

பெண்கள் எல்லாம் இதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று ரஸல் ஒரு குட்டி ரிவால்வரை எடுத்து வைத்தான், பிடியில் இளஞ்சிவப்பு, பொம்மைக் கடைச் சாமான் மாதிரி. பெண்கள் எல்லாமா, எந்தப் பெண்கள், விற்காமல் தூசி படிந்து கிடப்பதை என் தலையில் கட்டப் பார்க்கிறான், என்று அவளுக்கு உடனே பட்டது. எடுத்து விசையை அழுத்திப் பார்த்தாள், ஒரு விரலால் முடியவில்லை, இரண்டு விரல் வேண்டியிருந்தது. நூலகத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள், இவனுக்கு எப்படித் தெரியும், சின்னதாக இருந்தால் சுடும்போது கையை உதறிவிடும், இலேசாக இருந்தால் இன்னும் மோசம், அதை அவனிடம் சொன்னாள். அவன் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. மரியாதையா, அடுத்த தந்திரம் யோசிக்கிறானா… அடுத்ததாக வந்தது கறுப்பு நிறத்தில், கைக்கு அடக்கமாக, ஒன்பது மில்லிமீட்டர், ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்தது, அதனால் விலை சகாயம். முன்னால் வைத்திருந்தவர் ஏன் விற்றார் என்று கேட்டாள். அவருக்குக் கை பெரிது, பிடி போதவில்லையாம். எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கிறது, இந்தக் காலத்தில் பதில் தயாராக இல்லாத ஆள் யார், வெண்டெலைத் தவிர, பாவம் அவன்தான் இப்போதெல்லாம் கேட்ட கேள்விக்கு ஜன்னலைப் பார்க்கிறான்.

மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்க முதலில் வரவில்லை. இழுக்காதீர்கள், இரண்டு கையையும் எதிரெதிராகத் தள்ளுங்கள் என்று அவன் காட்டிக்கொடுத்தான், தள்ளினாள், வந்தது, வராமல் என்ன, இருபது கிலோ உருளைக்கிழங்கு மூட்டையைத் தினம் தூக்குகிற கை. திருப்பிக் கொடுத்தாள். அவன் தோட்டாக்கூட்டை உருவினான், மேல்பாகத்தை இழுத்து நிறுத்தினான், உள்ளே பார்த்தான், சுண்டுவிரலை விட்டும் பார்த்தான், அப்புறம் மறுபடி நீட்டினான். அவள் பிடித்தாள். அவன் விடவில்லை.

"உள்ள பாருங்க மேடம்."

"நீங்கதான் இப்பப் பாத்தீங்களே."

"நான் பாத்தேன்னு நீங்க நம்பக் கூடாது. என் கையிலேருந்து உங்க கைக்கு வந்தா நீங்க பாக்கணும். திருப்பிக் குடுத்தா நான் பாப்பேன். என் பொண்டாட்டி குடுத்தாலும் பாப்பேன். இங்க யாரும் யாரையும் நம்பறதில்ல, அதான் மரியாதை."

பார்த்தாள். காலியாக இருந்தது. இன்றைக்கு முழுவதும் கேட்ட பேச்சிலேயே இதுதான் நேர்மையான பேச்சு என்று அவளுக்குத் தோன்றியது, இப்படி ஒரு வழக்கம் எல்லா இடத்திலும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், நீயே பார், யார் சொன்னதையும் எடுத்துக்கொள்ளாதே… அவளும் அப்படித்தானே இருந்தாள் இந்த ஐந்து வாரமும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு? பின்கதவுப் பூட்டைப் பார்த்தாள், ஜன்னல் கொக்கிகளைப் பார்த்தாள், படிக்கட்டில் மாவைத் தூவிவிட்டுப் போய்க்கூடப் பார்த்தாள், சாயங்காலம் அதில் அர்லீனுடைய காலடிதான் இருந்தது, அவசரத்தில் தானே மிதித்துக் கெடுத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். வெண்டெலின் பணப்பை ரொட்டிப் பெட்டிக்குள் கிடந்தது, மூக்குக்கண்ணாடி ஐஸ் பெட்டியில், அவனுடைய கார்ச் சாவி இன்னும் கிடைக்கவில்லை, எல்லாம் அவள் வேலை. திருடியாக இருந்தால் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே, எதற்கு ஒளித்து வைக்கிறாள்? நம்மைப் பைத்தியமாக்கத்தான். வெண்டெல் அவளைப் பற்றிச் சொன்னதைத் துண்டுத்தாளில் எழுதியே வைத்திருந்தாள், பழுப்பாக ஒரு கோட்டு, தோளில் பை, கனத்த உடம்பு, மூன்றரை மணி வாக்கில் வருவாள், குளிர்பெட்டியைத் திறப்பாள், பால் டப்பாவை இடம் மாற்றுவாள், அவன் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பான். மூன்றரை மணி! அர்லீன் வேலையிலிருந்து வருகிற நேரம். எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தால் அந்த நேரம் பார்த்து வருவாள், அர்லீன் உள்ளே நுழைந்து கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு 'வெண்டெல்' என்று குரல் கொடுத்தால் அவன் வெளுத்த முகத்தோடு வெளியே வந்து இப்பத்தான் போனாள் என்பான். இப்பத்தான். ஒரு நிமிஷ இடைவெளியில் தப்பிவிடுகிறாள், கைகாரி.

பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்த கெய்லாவைத்தான் அவள் முதலில் நினைத்தாள், இப்போதும் அந்த நினைப்பு முழுதாகப் போகவில்லை, அந்தப் பெண்ணிடம் பழுப்புக் கோட்டு இருக்கிறது, அர்லீனே கண்ணால் பார்த்தது, உடம்புதான் குச்சி, ஆனால் கோட்டுக்குள் யார் கனம் யார் குச்சி என்று என்ன தெரியும். போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு எதுவும் உடையவில்லையே என்றார், அதோடு போயிருக்கலாம், வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, உங்கள் வீட்டுக்காரர் ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டார். என்ன திமிர். முப்பத்திரண்டு வருஷம் பால் லாரி ஓட்டினவன், ஒரு விபத்து கிடையாது, கோடையில் தபால்பெட்டியை இடித்தது தவிர, அது வெயில் கண்ணில் பட்டதால். அவனுக்கு ஒன்றுமில்லை, வாய்க்கொழுப்புகூடக் குறையவில்லை, போன ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி ஊற்றினபோது நிமிர்ந்து பார்த்து, "காப்பி ரொம்ப நல்லா இருக்குங்க மேடம்" என்றான், அவ்வளவு பவ்வியமாக, ஓட்டல்காரிக்குச் சொல்வதுபோல, இவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, துண்டால் அவன் தோளில் ஒரு போடு போட்டாள். பயம்தான் அவனுக்கு, வேறொன்றுமில்லை. கையில் ஒன்று இருந்தால் நான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன் அர்லீன் என்று அவன்தான் சொன்னான், திங்கட்கிழமை ஒரு தரம், புதன்கிழமை இரண்டு தரம், கண்ணெல்லாம் கலங்கி. ஆண்பிள்ளை வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்படி ஒருத்தி செய்துவிட்டாளே என்று அவளுக்கு நெஞ்சு கொதித்தது.

ரஸல் படிவத்தை நீட்டினான். பெயர், முகவரி, உயரம், எடை, எடையில் நாலு கிலோ குறைத்து எழுதினாள், அடுத்த கேள்வி, இதை வாங்குவது உங்களுக்காகத்தானா… பேனா நின்றது. எனக்காகத்தான். வீட்டுக்காக என்றால் எனக்காகத்தானே. ஆனால் பகலெல்லாம் இவள் பள்ளிக்கூடத்தில், துப்பாக்கி வீட்டில், வீட்டில் அவன். ஆம் என்று குறித்தாள். நிமிர்ந்தால் ரஸல் படிவத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், எத்தனை பேர் பேனாவை நிறுத்துகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறானோ என்னவோ. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். எதற்குக் கேட்கிறான், ஆள் இல்லாத நேரம் தெரிந்துகொள்ளவா, இவனுக்கும் அவளுக்கும் ஏதாவது… இல்லை, பூட்டுப்பெட்டிக்காகக் கேட்டானாம், பூட்டிவைக்க ஒரு பெட்டி வேண்டும், சாவி யாரிடம் இருக்கும்? என்னிடம் என்று சொல்ல வாயெடுத்தாள். சாவி இவளிடம் இருந்தால் அவளை அவன் எப்படிப் பார்த்துக்கொள்வான்? என் வீட்டுக்காரர்கிட்ட, என்றாள். ரஸல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, உங்கள் பெயரில் தடை ஏதும் உண்டா என்று மேலிடத்தில் கேட்டுவிட்டு வருகிறேன், கொஞ்ச நேரம் ஆகும், என்று படிவத்தோடு உள்ளறைக்குப் போனான்.

நின்றாள். யாரோ கலைமான் கொம்பின் கிளைகளைப் பற்றி அளந்துவிட்டுக்கொண்டிருந்தான், நாய் புரண்டு படுத்தது. சுவரில், காப்பிப் பானைக்கு மேலே, கண்காணிப்புக் கேமராவில் கடையைக் காட்டுகிற சின்னத் திரை தொங்கியது, நிறம் மங்கின பழைய திரை, ஆரஞ்சுத் தொப்பிகள் எல்லாம் அதில் துருப்பிடித்துத் தெரிந்தன. அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் திக்கென்றது. அவள். பழுப்புக் கோட்டு, தோளில் பை, கனத்த முதுகு, முதுகைக் காட்டிக்கொண்டு கல்லாப் பக்கம் நிற்கிறாள், இங்கேயே, இந்தக் கடையிலேயே, என் பின்னாலேயே வந்திருக்கிறாள்! ஒரு சந்தோஷம்கூட வந்தது, அகப்பட்டாயா, ஐந்து வாரமாகக் காட்டாத மூஞ்சியை இப்போது காட்டடி என்று அர்லீன் சட்டென்று திரும்பினாள். பின்னால் நாய்தான் இருந்தது. மறுபடி திரையைப் பார்த்தாள். திரையில் இருந்தவளும் திரும்பி, இப்போது தலையை மட்டும் வளைத்து, வாயைத் திறந்தபடி… அர்லீன் கையைத் தூக்கிக் காலரைத் தொட்டாள். அவளும் தொட்டாள். குனிந்து தன் கோட்டைப் பார்த்தாள், கடுகு நிறம், நல்ல கடுகு நிறம், அக்டோபரில் தேவாலயத்துப் பழைய துணி விற்பனையில் எடுத்தது, பழுப்பே இல்லை. ஆனால் அந்தத் திரையில் பழுப்பு. அடுக்களைப் பின்வாசலில், விளக்குப் போடாத மூன்றரை மணி வெளிச்சத்தில்?

அக்டோபரில் எடுத்தது. எத்தனை வாரம்? எண்ண வேண்டாம் என்று நினைத்தாள், விரல்கள் எண்ணிவிட்டன.

பைக்குள் போன் அடித்தது. வெண்டெல். நல்ல குரலில், பழைய குரலில் பேசினான், அவனுக்கு அவள் குரல் எப்போதும் தெரியும், மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டால் முதல் சொல்லிலேயே தெரியும்.

"வாங்கிட்டியா?"

"வாங்கிட்டிருக்கேன்… வெண்டெல், நான் இப்ப வீட்டுக்கு வரேன்."

"பாத்து வா. அவ வர்ற நேரம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ வர்றேன்னா அவ வருவா. எப்பவும் உனக்குக் கொஞ்சம் முன்னாடிதான் வர்றா, அர்லீன். அவ போனாத்தான் நீ வர்ற."

அவன் ஹலோ ஹலோ என்றான், அவள் சரி என்று சொல்லி வைத்தாள். ரஸல் திரும்பி வந்துவிட்டிருந்தான், தடை ஒன்றுமில்லை மேடம், எடுத்துக்கொண்டு போகலாம் என்று பெட்டியைத் திறந்து கறுப்புத் துப்பாக்கியை எடுத்து, மேல்பாகத்தை இழுத்து, உள்ளே பார்த்து, நீட்டினான். அவள் கையை நீட்டவில்லை.

"இது இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

"நாளைக்கு வர்றீங்களா?"

"தெரியல."

ஏன் என்று கேட்பான் என்று காத்திருந்தாள், சொல்வதற்கு ஒரு பொய்யைக்கூடத் தேடினாள், அவன் கேட்கவில்லை, இப்போது சிரிக்கவும் இல்லை, பெட்டியை மூடி, அவள் பெயரை ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, கீழே எங்கோ வைத்தான்.

வெளியே குளிர் காதைக் கடித்தது. காருக்குப் பக்கத்தில் நின்று கோட்டைக் கழற்றினாள், சுருட்டினாள், பின்சீட்டில் போட்டாள், போதாது என்று பட்டு எடுத்து டிக்கியில் போட்டு மூடினாள், மெல்லிய ஸ்வெட்டரோடு உள்ளே ஏறி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். இவ்வளவுதானே, ஒரு கோட்டு, கண்ணும் முன்போல இல்லை அவனுக்கு, இருட்டு வேறு, புதுக் கோட்டைப் பார்த்து யாராயிருந்தாலும் ஒரு கணம் தடுமாறத்தான் செய்வார்கள், இனிமேல் முன்வாசல் வழியாகப் போகலாம், கதவைத் திறக்கும்போதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போகலாம், பழைய நீலக் கோட்டைத் தேடி எடுக்கலாம், திங்கட்கிழமை டாக்டரிடம்… எதற்கு டாக்டர், கோட்டுதான், கோட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. சாவியைத் திருகினாள். நீயே பார், என்றானே அந்த ஆள். காப்பி ரொம்ப நல்லா இருக்குங்க மேடம்… நிமிர்ந்து, நேராக முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான், ஜன்னல் வழியாக நல்ல வெயில், அவன் சிரிக்கவில்லை, இவள்தான் சிரித்தாள். வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை அவள் கோட்டு போட்டிருக்கவில்லை.