மூணாவதுதான் புளுகு

குழுவுக்கு 'நிஜமா புளுகா' என்று பெயர். ஏதோ ஒரு புதிர்ப் பக்கத்தின் அடியில் முகம் தெரியாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்த சிலர், சண்டை ருசித்துப் போய், தனியாகப் பிரிந்து வந்து போனில் வைத்துக்கொண்ட குழு அது. அங்கே சட்டம் இரண்டே இரண்டுதான். சொந்தப் பெயர், ஊர், வேலை எதையும் சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது. அடுத்தது, தினமும் காலையில் முறை வைத்து ஒருவர் மூன்று செய்தி போடவேண்டும். இரண்டு நிஜம், ஒன்று புளுகு. புளுகு எது என்று மற்றவர்கள் சொல்லவேண்டும். அதன் பிறகு நாள் முழுக்க அரட்டை. முழங்கால் வலிக்கு எந்த எண்ணெய், கொட்டாவி ஏன் தொற்றுகிறது, இந்தக் காலத்து ஜனங்கள் ஏன் இப்படி ஆகிவிட்டார்கள் என்று ஆளுக்கொரு வியாக்கியானம்.

அதில் 'மிளகாய்' என்பவள் வீட்டிலேயே மிஷின் போட்டுத் துணி தைப்பவள். வாய் அப்படி, அதனால் பெயர் அப்படி. புருஷன் லாரியில் போனால் வீடு திரும்பப் பல நாள் ஆகும். மிஷினும் போனும்தான் அவளுக்குத் துணை. 'பூசணி' எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிறவன். 'ஊசி' ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்பது அவள் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். குழுவுக்கே தலைவர் மாதிரி இருந்தவர் 'பெருசு'.

மிளகாயின் அம்மா இறந்த சமயத்தில் அவளைப் பட்டினி கிடக்க விடாமல் பார்த்துக்கொண்டவர் இந்தப் பெருசுதான். "சாப்பிட்டியா மிளகா?" என்று கேட்பார். இல்லை என்றால், "போய்ச் சாப்பிட்டுட்டு வா. அதுவரைக்கும் புளுகு எதுன்னு யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று அடம்பிடிப்பார். விடை தெரியாமல் தவிக்கும் பூசணி, "அம்மா தாயே, ரெண்டு வாய் தின்னுட்டு வந்துடு" என்று கெஞ்சுவான். அழுதுகொண்டே சிரித்து அவள் சாப்பிட்டாள். கூடப் பிறந்த அண்ணன்கூட அந்த மாதம் அவளை இப்படி விசாரிக்கவில்லை.

அக்கம்பக்கத்துத் தொல்லை என்று வந்துவிட்டால் பெருசுக்கும் அவளுக்கும் ஒரே ராகம். "எங்க கீழ் வீட்டுல ஒரு ராட்சசி இருக்கா. நான் கண்ணசர்ற நேரம் பார்த்து மாவு மில் ஓட்டுறா" என்று பெருசு எழுதுவார்.

"அந்தப் பொம்பளைக்கு ஈவு இரக்கமே கிடையாதா? எங்க மேல் வீட்டுக்காரர் இருக்காரே, நாற்காலியைத் தரதரன்னு இழுத்துக்கிட்டு வீட்டுக்குள்ளேயே ஊர்வலம் போறார். நான் வேலை செஞ்சா குச்சியால தரையை இடிக்கிறார்" என்பாள் மிளகாய்.

"அந்த ஆளையெல்லாம் நாடு கடத்தணும் தங்கச்சி" என்று பெருசு தீர்ப்பு வழங்குவார். அவளுக்கு மனசு குளிர்ந்துவிடும்.

மேல் வீட்டுக்காரர் ராத்திரிக் காவல் வேலைக்குப் போகிற மனிதர், தனிக்கட்டை. மாடிப்படியில் எதிரே வந்தால் அவர் சுவரைப் பார்ப்பார், இவள் தன் பையைப் பார்ப்பாள். குடி வந்த நாளிலிருந்து இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரு நாள் பெருசு எழுதியிருந்தார். "இப்பல்லாம் ஒருத்தன் செத்துக் கிடந்தாலும் பக்கத்து வீட்டுக்காரனுக்கு நாத்தம் வந்தப்புறம்தான் தெரியும்." ரொம்பச் சரி என்று மிளகாய்தான் முதல் ஆளாகக் கைதட்டினாள்.

மறுநாள் காலை பெருசின் முறை. டீ ஆறும் நேரத்துக்கெல்லாம் செய்தி வந்துவிடும், அன்று வரவில்லை. மிளகாய் ஒரு ஜீன்ஸின் காலை மடித்து அடித்துக்கொண்டிருந்தாள். மேலே நாற்காலி இழுபட்டது. பிறகு தொம் என்று ஒரு சத்தம். "நாற்காலியோட சேர்ந்து விழுந்து தொலைஞ்சாரா?" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடியும் மிதித்தாள்.

உடனே போன் சிணுங்கியது. பெருசு எழுதவில்லை, பேசி அனுப்பியிருந்தார். குழுவில் யாரும் அதுவரை குரலைக் காட்டியதில்லை. ஆவலாக அமுக்கினாள். நாக்கு தடித்துப்போன மாதிரி ஒரு கரகரத்த குரல் வந்தது.

"ஒண்ணு... மூளையை வெட்டினாலும் மூளைக்கு வலிக்காது. ரெண்டு... நெருப்புக்கோழிக்கு மூளையைவிடக் கண்ணு பெருசு. மூணு... என் இடது கை காலையிலேர்ந்து என்னுது இல்லை. யாரோ... விட்டுட்டுப் போன கை. தூக்கிப் பார்த்தேன்... கனமா இருக்கு..." கடைசியில் தொம் என்று ஏதோ விழும் சத்தம்.

பூசணி முந்திக்கொண்டான். "பெருசு காலங்காத்தாலேயே ஏத்திட்டார்டோய்!"

மிளகாயும் சும்மா இருக்கவில்லை. "மூணாவதுதான் புளுகு. இதுகூடவா தெரியாது? கடைசியில தொம்முன்னு சவுண்டு எஃபெக்ட் வேற. நடிப்பு பிரமாதம் பெருசு!" என்று தட்டிவிட்டு, விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை முகங்களை ஒரு வரிசை வைத்தாள். ஜீன்ஸின் இன்னொரு காலை எடுத்தாள்.

வழக்கமாக விடை சொல்ல ஓடிவருகிற பெருசு அன்று வரவே இல்லை. வந்தது ஊசி.

"டேய் பாவிகளா, மூணும் நிஜம்டா. பேச்சு குழறுதே, காதுல விழலையா? இது பக்கவாதம். அவர் எங்க இருக்கார்? யாருக்காவது தெரியுமா?"

மிளகாயின் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. ஒரு ஆள் தன் கையே போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார், அதையும் புதிராகப் போட்டிருக்கிறார், இவர்களும் அதைப் புளுகென்று சொல்லிக் கைதட்டியிருக்கிறார்கள். உலகத்தில் வேறு எந்தக் கூட்டத்துக்காவது இப்படி ஒரு புத்தி போகுமா?

"பெருசு, பதில் சொல்லுங்க" என்று எழுதினாள்.

"ஊர் பேராவது தெரியுமா?" என்று ஊசி.

"சட்டம் போட்டு வச்சோமே, கேட்கக்கூடாதுன்னு" என்றான் பூசணி. அதோடு அவன் கேலியும் நின்றது.

"அவர் பேசினதை எல்லாரும் திரும்பக் கேளுங்க. பின்னாடி ரயில் சத்தம், கோயில் மணி, எதாவது கேட்குதா பாருங்க. சீக்கிரம்!" என்று விரட்டினாள் ஊசி.

மிளகாய் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். குழறல். மூச்சு. அதற்கும் பின்னால், சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல் ஒரு இரைச்சல். மாவு மில் என்று அவர் சொல்வாரே, அதுவாகத்தான் இருக்கும். டர்ர்ர்ர் என்று ஓடி, டக் டக் என்று இரண்டு முறை விக்கி, மறுபடியும் டர்ர்ர்ர்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தடித்த துணியில் ஏறும்போது அப்படி இரண்டு முறை விக்குவது அவளுடைய மிஷின். ரிப்பேர்காரர் எத்தனையோ முறை பார்த்தும் அந்த விக்கல் போகவில்லை. தன் இருமல் அடையாளம் தெரியாமல் போனாலும் போகும், அந்த விக்கல் அவளுக்குத் தெரியாமல் போகாது. எதிரே ஜீன்ஸின் கால், பாதி அடித்தபடி மிஷின் ஊசிக்கடியில் கிடந்தது. அவள் மெல்ல அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு செருப்புக்கூடப் போடவில்லை. தரைத்தளத்தில் இருந்த வீட்டுக்காரம்மாவின் கதவை உடைக்கிற மாதிரி தட்டினாள்.

"மேல் வீட்டுச் சாவி குடுங்கம்மா! அவருக்குப் பக்கவாதம்!"

"உனக்கு யாருடி சொன்னா? அவர் தூங்கற நேரம். எழுப்பினா நம்மளைக் கடிச்சுக் குதறிடுவார்."

"சாவியைக் குடுங்கன்னா!" என்று அவள் கத்திய கத்தலில் வீட்டுக்காரம்மா பயந்துபோய்ச் சாவிக்கொத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

மேல் வீட்டுக் கதவு பாதிதான் திறந்தது. கனத்த மரநாற்காலி ஒன்று சாய்ந்து வழியை அடைத்துக் கிடந்தது. ஒரு கையால் தள்ளினாள், அசையவில்லை. உடம்பை இடுக்கில் நுழைத்து, இரண்டு கையாலும் பிடித்துத் தம் கட்டி இழுத்தபோதுதான் நகர்ந்தது. அதே தரதர சத்தம்.

அவர் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது. வலது கைக்குப் பக்கத்தில் போன் விழுந்து கிடந்தது. அவள் கைபட்டு அதில் வெளிச்சம் வந்தபோது திரையில் அவளுடைய வரி தெரிந்தது. மூணாவதுதான் புளுகு. நடிப்பு பிரமாதம் பெருசு. கீழே விழுந்து விழுந்து சிரிக்கும் முகங்கள்.

இதை அவர் படித்திருப்பாரா? எழுந்திருக்க முடியாமல் கிடந்து, இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா? அந்தப் போனைத் தன் கையாலேயே சுவரில் அடிக்கவேண்டும் போலிருந்தது. அதை எடுத்துத் திரையை அணைத்து அவர் சட்டைப்பையில் வைத்தாள்.

"ஒண்ணும் ஆகாது... ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்லிக்கொண்டே ஆம்புலன்ஸுக்கு அடித்தாள். 'பெருசு' என்று கூப்பிட வாய் வரவில்லை. அவர் கண் அவள் முகத்தையே பார்த்தது. அதில் கோபமா பயமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள், உயிர் தப்பியது என்றார்கள் ஆஸ்பத்திரியில். இடது பக்கம் திரும்புமா என்பதைப் போகப்போகத்தான் சொல்லமுடியுமாம். ஊசிக்கு மட்டும் தனியாக விஷயத்தைச் சொன்னாள். ஊசி குழுவில், "ஆள் உயிரோட இருக்கார். மேல கேட்காதீங்க" என்று முடித்துக்கொண்டாள்.

வாரங்கள் போயின. அவருடைய தங்கை வந்து துணைக்கு இருந்தாள். அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த பிறகும் மேலே ஒரு சத்தமும் இல்லை. எந்த அமைதிக்காக ஆசைப்பட்டாளோ அதுவே இப்போது மிளகாயைத் தின்றது. அவர் தூங்கும் நேரத்தில் மிஷினைத் தொடாமல், பட்டன் காஜாவைக் கையாலேயே தைத்தாள். படியேறிப் போய்ப் பார்க்கப் பலமுறை கிளம்பினாள். ராட்சசியும் நான்தான், உங்கள் கையைப் புளுகென்று சொல்லிச் சிரித்தவளும் நான்தான் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? பாதிப்படியிலேயே திரும்பிவிடுவாள். இடது கை இன்னும் எழும்பவில்லை என்று வீட்டுக்காரம்மா சொன்ன அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போய்ச் சாப்பிட்டுட்டு வா என்று சொல்லவும் குழுவில் ஆள் இல்லை.

தங்கை தன் ஊருக்குத் திரும்பிப் போன மறுநாள் காலையில் போன் சிணுங்கியது. பெருசு! இந்த முறை எழுதியிருந்தார்.

"பாக்கி வச்ச முறை. ஒண்ணு: ஆக்டோபஸுக்கு மூணு இதயம். ரெண்டு: என் இடது கை இனிமே வேலைக்கு ஆகாதுன்னு கைவிட்டுட்டாங்க. மூணு: என்னை ஆஸ்பத்திரியில சேர்த்து உயிரைக் காப்பாத்தினது எங்க கீழ் வீட்டு ராட்சசி."

குழுவே துள்ளிக் குதித்தது. பூசணி தன் முழு பலத்தோடு திரும்பி வந்தான். "மூணாவதுதான் புளுகு! அந்த மாவு மில்லாவது, காப்பாத்தறதாவது!"

மிளகாய் அந்த மூன்று வரியையும் திரும்பப் படித்தாள். மூன்றாவது நிஜம். அது அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்? ஆக்டோபஸும் நிஜம், இவளே ஒருமுறை போட்டதுதான். அப்படியென்றால் இரண்டாவது புளுகு. ஆனால் போன முறை இந்த மனிதர் மூன்றையுமே நிஜமாகப் போட்டாரே. இந்த முறையும் அப்படி இருந்துவிட்டால்?

அப்போது தலைக்கு மேலே சத்தம் கேட்டது. தர்ர். நின்றது. மறுபடியும் தர்ர். அந்த நாற்காலி ஒரு கைக்கு அசையாது என்பது அவளுக்குத் தெரியும்.

கண்ணீர் போனின் மேலேயே விழுந்தது. சேலையால் துடைத்துவிட்டு எழுதினாள். "ரெண்டாவதுதான் புளுகு."

"எப்படிச் சொல்ற மிளகா?" என்று கேட்டார் பெருசு. மேலே தர்ர் என்று இன்னொரு இழுப்பு.

"மேல நீங்க நாற்காலி இழுக்கற சத்தம் எனக்குக் கேட்குதுங்க."

மேலே சத்தம் சட்டென்று நின்றது.