நடு அத்தியாயங்கள்

"ஆக, கடிகாரக் கோபுரத்தில் தபால்தலை வியாபாரியைக் கொலை செய்தது…" என்று வாசித்துவிட்டுச் சின்னவள் எச்சிலை விழுங்கினாள். புத்தகத்தில் அச்சாகியிருந்த ஆள் வேறு; அவள் சொல்லப்போகிற ஆள் வேறு. ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, "…பாட்டு வாத்தியார்!" என்று முடித்தாள்.

ஜன்னலோரக் கட்டிலில் மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்த பெரியவள் கண்ணைத் திறந்தாள். கால்மாட்டில் நின்று மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் அப்படியே நின்றாள்.

"பாட்டு வாத்தியாரா?"

"ஆமாக்கா. நீ சொன்ன ஆளேதான். ஜெயிச்சுட்ட!"

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பெரியவளின் கணவரான அத்தானை மட்டும் வாசலுக்குக் கூட்டிப்போய்க் குசுகுசுவென்று பேசினார். அத்தான் முகத்தைச் சரி பண்ணிக்கொண்டு உள்ளே வருவதற்குள் பெரியவள், "என்னவாம்? இன்னிக்கா, நாளைக்கா?" என்று கேட்டுவிட்டாள். லிஃப்ட் மெக்கானிக்கான அத்தானுக்கு எதையும் மறைத்துப் பழக்கமில்லை. "ரெண்டுல ஒண்ணுதானாம்" என்றார். "நாளைக்குன்னா சௌகரியம். இன்னும் நாலு அத்தியாயம் பாக்கி இருக்கு" என்றாள் பெரியவள்.

சலவைக்கடை அம்மாள் துப்பறியும் தொடரில் இது இருபத்தாறாவது புத்தகம். வருஷத்துக்கு ஒன்று வரும். ஒரு சின்னத் துறைமுக ஊர். அங்கே சலவைக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள். துவைக்க வருகிற துணிகளின் பையில் கிடைக்கும் சீட்டு, காலரில் ஒட்டிய கறை, காணாமல் போன பொத்தான், இவற்றை வைத்தே அவள் கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவாள். இன்ஸ்பெக்டர் எப்போதும் ஒரு நாள் தாமதமாகத்தான் வருவார், அதுவும் கையில் இஸ்திரிக்கு நாலு சட்டையோடு.

அக்கா தங்கை இரண்டு பேருக்கும் ஒரே புத்தகம்தான். கடையிலிருந்து வாங்கி வருவது சின்னவள் வேலை. முதலில் படிப்பது பெரியவள் உரிமை. கடைசி அத்தியாயத்தைத் துணி கிளிப் போட்டு மூடிவிடுவாள். சின்னவளும் அதுவரை படித்து முடித்தபிறகு, ஆளுக்கொரு சீட்டில் கொலைகாரனை எழுதி அத்தானிடம் கொடுக்க வேண்டும். பிறகுதான் கிளிப் கழன்று, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படிப்பார்கள். ஜெயித்தவர் கணக்கில் அத்தான் சாமான் அறைக் கதவின் உள்பக்கம் ஒரு கோடு போடுவார். இருபத்தைந்து வருஷத்தில் சின்னவளுக்கு இருபத்தைந்து கோடு. பெரியவளுக்கு ஒன்றுகூட இல்லை.

பெரியவளிடம் ஒரு கோளாறு இருந்தது. கதையில் யாராவது ஒருவர் இன்னொருவருக்குக் குடை கொடுத்தால் போதும், அவர் மேல் அவளுக்குச் சந்தேகமே வராது. சிடுசிடுப்பவன், நன்றி சொல்லாதவன், துவைத்த துணியை வாங்க வராமல் இழுத்தடிப்பவன், இவர்கள்தான் அவளுக்குக் கொலைகாரர்கள். எழுதியவரோ ஒவ்வொரு முறையும் குடை கொடுத்தவனையே பிடித்துக் கொடுப்பார்.

சின்னவளிடமும் ஒரு கோளாறு இருந்தது. அது அவளுக்கு மட்டும் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். கடையிலிருந்து வீட்டுக்கு வருகிற பஸ்ஸிலேயே, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, கடைசி அத்தியாயத்தைப் படித்துவிடுவாள்.

இந்த முறை பெரியவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. ஒன்பது நாளாகச் சின்னவள்தான் உரக்க வாசித்தாள். கதையில் மூக்கை நுழைக்க ஆரம்பித்த நர்ஸும் மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொண்டாள். இன்று மத்தியானம் சீட்டு எழுதும்போது பெரியவள் சொல்ல, சின்னவளே எழுதினாள்: பாட்டு வாத்தியார். எழுதும்போதே அவள் மனசு சுருங்கியது. கொலைகாரன் பன்னுக்கடைக்காரர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சூடாகப் பன் கொடுக்கிற, சிரித்த முகமான பன்னுக்கடைக்காரர்.

ஒரே ஒரு தடவையாவது அக்கா ஜெயிக்கட்டுமே. இனி இருபத்தேழாவது புத்தகம் என்று ஒன்று அவளுக்கு ஏது? அந்த முடிவோடுதான் சின்னவள் கிளிப்பைக் கழற்றினாள்.

"ம்… எப்படிக் கொன்னானாம்?" ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள் பெரியவள்.

சின்னவள் பன்னுக்கடைக்காரர் வருகிற இடத்திலெல்லாம் பாட்டு வாத்தியாரைப் போட்டு வாசித்தாள். "'ராத்திரி நீங்கள் கோபுரத்தின் இரும்பு ஏணியை இரண்டு கைகளாலும் பற்றி ஏறினீர்கள். துருப்பிடித்த அந்த ஏணியின் கறைதான் உங்கள் சட்டையின் இரண்டு மணிக்கட்டிலும்' என்றாள் சலவைக்கடை அம்மாள். பாட்டு வாத்தியார் தலை குனிந்தார்…"

"ரெண்டு கையாலயுமா?"

"ஆமா."

"நல்லாப் பாத்து சொல்லு. ரெண்டு கையுமா?"

"அட, ஆமாங்கறேன்ல. அச்சுல போட்டிருக்கு."

பெரியவள் மெல்லத் திரும்பினாள். ஒன்பது நாளாகச் சோர்ந்து கிடந்த முகத்தில் ஒரு களை வந்திருந்தது. "நர்ஸம்மா, நாலாம் அத்தியாயத்துல பாட்டு வாத்தியார் சலவைக்கடைக்கு என்னத்துக்கு வந்தாரு? கொஞ்சம் சொல்லு."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சட்டையோட வலது கையை வெட்டித் தைக்கச் சொல்லி வந்தாரும்மா" என்றாள்.

"ஏனாம்?"

"மாவுக்கட்டு உள்ள நுழையலைன்னு. சைக்கிள்லேருந்து விழுந்து கை ஒடிஞ்சுபோச்சு. கொலை நடக்கறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே."

சின்னவள் அவசரமாக முன் பக்கங்களைப் புரட்டினாள்.

"அடியே பொடிசு," என்றாள் பெரியவள். சின்னவளுக்கு ஐம்பத்துநாலு வயது. "ஒத்தைக் கையில மாவுக்கட்டோட ஒரு மனுஷன் எப்படிடி ஏணி ஏறுவான்?"

சின்னவளின் காது மடல் சிவந்தது. "அது… கட்டைப் பிரிச்சிருப்பாங்களா இருக்கும்."

"பிரிச்சிருப்பாங்களா? கதையை நீயே எழுத ஆரம்பிச்சுட்டியா? இந்தக் கதையில கொலை பண்ணவே முடியாத ஆள் ஒருத்தன்தான். அதனாலதான் அவன் பேரைச் சொன்னேன். போற நேரத்துல அக்காவை ஜெயிக்க வெக்கணும்னு நீ ஏதாவது கோல்மால் பண்ணுவேன்னு எனக்குத் தெரியும். வலையை விரிச்சேன். வந்து விழுந்த."

சின்னவள் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"மாத்தி வாசிக்கணும்னா முடிவு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்ல? எப்பப் படிச்ச? பஸ்லயா?"

"உனக்கு எப்படி…"

"மூணாவது புக்குல கடைசிப் பக்கத்துல மட்டும் செவப்பு நெயில் பாலிஷ். கடையில வாங்கி நேரா என் கையில கொடுத்த புக்கு. என் நகத்துல என்னைக்குடி பாலிஷ் இருந்திருக்கு?"

"இருபத்து மூணு வருஷமா தெரியுமா!" சின்னவள் அலறினாள். சத்தம் கேட்டு அத்தான் கையில் ஸ்க்ரூடிரைவரோடு ஓடி வந்தார். "என்னாச்சு?"

"உங்க மச்சினி மாட்டிக்கிட்டா" என்றாள் பெரியவள். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். இடையே இருமல் வந்தது. நர்ஸ் முதுகைத் தாங்கினாள். இருமல் அடங்கியும் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏன்க்கா ஒரு தடவைகூடக் கேக்கல?"

"ஜெயிச்சா ஒரு வாரம் நீ என்கிட்ட சண்டை போடமாட்ட. அந்த நிம்மதியை ஏன் கெடுத்துக்கணும்?" அவள் மூச்சு வாங்கினாள். "ஆனா ஒண்ணு. பாவம் நீ. இருபத்தாறு புக்குல நீ ஒண்ணைக்கூடப் படிக்கலடி. பதிலை மட்டும் பாத்திருக்க. அந்த மாவுக்கட்டை நீயே உன் வாயால வாசிச்ச. உன் காதுல விழல. என்னங்க, போய் என் பேர்ல ஒரு கோடு போடுங்க."

"அது எப்படி? புக்குல ஜெயிக்கலையே" என்று அத்தான் நியாயம் பேசினார்.

"ஒரு கேஸைக் கண்டுபிடிச்சிருக்கேன்ல? போடுங்கன்னா."

அத்தான் போனார். சாமான் அறைக் கதவு கிறீச்சிட்டது. பென்சில் மரத்தில் உரசுகிற சத்தம் வரும்வரை பெரியவள் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள்.

"உன்னோட நிஜமான ஆள் யாருக்கா?" என்று கேட்டாள் சின்னவள். பெரியவள் கண்ணைக் காட்ட, நர்ஸ் தன் சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்தாள். நேற்றே எழுதி வாங்கியது. அதில் 'நூலகத்துப் பொம்பளை' என்றிருந்தது.

"அவளா! அவ என்னக்கா பண்ணா?"

"யாரைப் பாத்தாலும் ஷ்ஷுங்கறா. இல்லையா அவ?"

"இல்ல."

"சரி, இப்ப ஒழுங்காப் படி. ஒரு வார்த்தை மாறுச்சு, எந்திரிச்சு வந்து உதைப்பேன்."

சின்னவள் கடைசி அத்தியாயத்தை முதலிலிருந்து வாசித்தாள். இந்த முறை உள்ளதை உள்ளபடி. பன்னுக்கடைக்காரர் தலை குனிந்தபோது, "ச்சே, அந்த மனுஷனா? அவ்வளவு நல்லாப் பன் போட்டானே!" என்று பெரியவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். "நான் ரெண்டாம் அத்தியாயத்துலயே சொன்னேன்" என்றாள் நர்ஸ். அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் அவளை முறைத்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நான் எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கேன்மா. இந்த மாதிரி நேரத்துல எல்லாரும் மனசுக்கு ஆறுதலா ஏதாவதுதான் படிக்கச் சொல்வாங்க. நீங்க என்னடான்னா கொலைக் கதை கேக்கறீங்க."

"இதைவிட ஆறுதல் எதுல இருக்கு?" என்றாள் பெரியவள். குரல் இறங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "இதுல சாகறவங்க முதல் அத்தியாயத்துலயே போயிடறாங்க. மிச்சம் இருபது அத்தியாயமும் இருக்கறவங்க கதைதான். யார் யாரைக் காதலிச்சா, யார் கடையில என்ன குழம்பு, யார் சட்டையில என்ன கறை… துப்பாக்கி கிடையாது, ரத்தம் கிடையாது. துணி துவைக்கற ஒரு பொம்பளை உக்காந்து யோசிச்சே எல்லாத்தையும் நேர் பண்ணிடுவா. கடைசியில எல்லாரும் அவ கடையில வந்து உக்காருவாங்க." கண்ணை மூடிக்கொண்டாள். "அந்த இடத்தை இன்னொரு தடவை படி, பொடிசு."

சின்னவள் கடைசிப் பத்தியைத் தேடி எடுத்தாள். கொலைகாரனை இன்ஸ்பெக்டர் கூட்டிப்போன பிறகு வருகிற பத்தி. வெளியே மழை. ஒவ்வொருவராகச் சலவைக்கடைக்குள் வந்து நனைந்த கோட்டைக் கழற்றி மாட்டுகிறார்கள். நூலகத்துப் பெண் அடுப்பில் கெட்டிலை வைக்கிறாள். பாட்டு வாத்தியார் ஒரு கையால் பிஸ்கட் டப்பாவைத் திறக்கத் திணறுகிறார். யாரோ வாங்கித் திறந்து கொடுக்கிறார்கள். மாலை வெயில் கட்டில் விளிம்பில் ஏறிக்கொண்டிருந்தது. சின்னவள் நிதானமாக, ஒரு வார்த்தையும் விடாமல் வாசித்தாள்.

பத்தியின் நடுவில் நர்ஸ் குனிந்து பெரியவளின் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்படியே நின்றாள். பிறகு சின்னவளைப் பார்த்தாள்.

சின்னவளும் பார்த்தாள். ஆனால் வாசிப்பை நிறுத்தவில்லை. இன்னும் ஐந்து வரி இருந்தது. சலவைக்கடை அம்மாள் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, சூடு போதும் என்று தலையசைத்து, இன்ஸ்பெக்டரின் முதல் சட்டையை விரித்துப் போடுகிற வரைக்கும் வாசித்து முடித்தாள். கதவோரம் அத்தான் பென்சிலோடு நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது, கூடம் முழுக்க இரவல் நாற்காலிகளும் தாழ்ந்த குரலில் பேசுகிற உறவுக்காரர்களுமாக இருந்தது. "நல்ல சாவு" என்றார்கள். "கஷ்டப்படாமப் போயிட்டா" என்றார்கள். சின்னவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. பெரியவளின் அலமாரியிலிருந்து தொடரின் முதல் புத்தகத்தை உருவிக்கொண்டு, ஒரு மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

கொலைகாரன் பள்ளித் தலைமையாசிரியர் என்று அவளுக்கு இருபத்தைந்து வருஷமாகத் தெரியும். தெரிந்தே முதல் பக்கத்தைத் திறந்தாள். அந்த ஊரில் ஒரு பாலம் இருந்தது. பாலத்தடியில் மூன்று வாத்துகள் இருந்தன. மூன்றுக்கும் சலவைக்கடை அம்மாள் தன் கடன்கார வாடிக்கையாளர்களின் பெயரை வைத்திருந்தாள். இதெல்லாம் எப்போதிலிருந்து இங்கே இருக்கிறது? மூன்றாம் அத்தியாயத்தில் தலைமையாசிரியர் தன் நாயின் கம்பளிச் சட்டையைத் துவைக்கப் போடுகிறார். அது சுருங்கிப்போய் பொம்மைச் சட்டையாகத் திரும்பி வருகிறது. அவர் அதை மூன்று பக்கத்துக்கு நாய்க்குப் போட்டுவிடப் பார்க்கிறார், மானம் போகக்கூடாதென்று முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டே.

சின்னவள் 'பக்'கென்று சிரித்துவிட்டாள். நன்றாக, வாய்விட்டு.

கூடத்தில் பேச்சு நின்றது. ஒன்றுவிட்ட பெரியப்பா கண்ணாடிக்கு மேலாக முறைத்தார். "இவளுக்கு என்ன, புத்தி கலங்கிப்போச்சா?" என்று யாரோ யாரிடமோ கேட்டார்கள். அத்தான் எழுந்து வந்தார். இரண்டு நாள் தாடி. கண்கள் வீங்கியிருந்தன.

"என்ன பொடிசு?"

அவள் சொல்ல வாயெடுத்தாள். சிரிப்பு விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கங்களைத் திருப்பி முதல் பக்கத்துக்குப் போனாள்.

"உக்காருங்க அத்தான். ஆரம்பத்துலேருந்து படிக்கறேன். யாருன்னு மட்டும் கேக்கக்கூடாது."

அத்தான் பெரியப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அவள் வாசிக்க ஆரம்பித்தாள், முதலில் மெதுவாக, பாலம் வந்ததும் கொஞ்சம் உரக்க. வாத்துகளின் பெயர் வந்தபோது பெரியப்பா நாற்காலியோடு கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்தார். துக்கம் கேட்க அப்போதுதான் வந்த பக்கத்து வீட்டுக்காரர், வாசலில் ஒரு செருப்பைக் கழற்றி இன்னொன்றைக் கழற்றாமல், சுவரில் கையை ஊன்றியபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.