மருத்துவச்சியின் கல்

உச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து, கற்களைப் பட்டியல் எடுக்கும் அதிகாரி வந்து இறங்கினார். மூன்றாவது தடவையும் பன்னிரண்டு மணிக்கே! அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஊரின் பழைய கல்லறைத் தோட்டத்தை ஞாயிறுதோறும் ஆட்களுக்குச் சுற்றிக் காட்டுகிறவள் அவள். எட்டு வருஷமாக இதே வேலை. ‘கல்லறை அக்கா’ என்று சொன்னால்தான் தெருக்கோடிக் கடைக்காரருக்கே அவளை அடையாளம் தெரியும். இப்போது தோட்டத்தின் ஓரத்தை இடித்து வண்டி நிறுத்துமிடம் கட்டப் போகிறார்கள். எழுத்து தெரிகிற கற்கள் பட்டியலில் ஏறித் தப்பிக்கும். மற்றவை திங்கட்கிழமை லாரியில் போகும். பட்டியல் இன்று ஐந்து மணிக்கு முடிகிறது.

அந்த ஓரத்தில்தான் மருத்துவச்சி படுத்திருக்கிறாள். அந்தக் காலத்தில் பாதி ஊரைத் தன் கையில் ஏந்தி வாங்கியவள். அவள் இருந்தாள் என்பதற்கு இந்தக் கல்லை விட்டால் வேறு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. தரையோடு கிடக்கும் தேய்ந்த கல். சூரியன் நன்றாகச் சாய்ந்த பிறகுதான் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தெரியும். உச்சி வெயிலில் அது வெறும் பாறை.

“அஞ்சே காலுக்கு வாங்க சார்னு எத்தனை தடவை சொல்றது?”

“ஆபீஸ் அஞ்சு வரைக்கும்தாம்மா. போட்டோவும் செல்லாது. நேர்ல பார்க்கணும்.”

இந்தத் தடவை அவள் சும்மா வரவில்லை. வீட்டு அலமாரியில் இருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றி, கணவனைச் சுமக்க வைத்துக் கூட்டி வந்திருந்தாள்.

“இனிமே நான் எதைப் பார்த்துத் தலை சீவுறது?” என்று முனகிக்கொண்டே அவன் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தான். அவள் பெரிய குடையை விரித்துக் கல்லுக்கு நிழல் கொடுத்தாள். கண்ணாடி வெளிச்சம் பக்கவாட்டில் பாய்ந்ததும் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன.

அதிகாரி குனிந்து உதடசைத்து வாசித்தார். “இவள் கையில் பிறந்த பிள்ளைகள் சேர்ந்து வைத்த கல்.” பிறகு நிமிர்ந்து படிவத்தைப் புரட்டினார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க ‘வெறும் கண்ணால் படிக்க முடிகிறதா’ன்னுல்ல கேட்டிருக்கு?”

“நீங்களே மூக்குக் கண்ணாடி போட்டுத்தானே சார் படிச்சீங்க!”

“அதுக்கு என்னம்மா பண்றது? எனக்கு மேலே இருக்கிறவங்க கேப்பாங்க.”

‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அவர் வண்டியேறிப் போனார். எரிச்சலோடு அவள் கல்லின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போக மனசில்லை. கணவனும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

ஐந்தே காலுக்கு வெயில் சாய்ந்தது. குடையும் இல்லை, கண்ணாடியும் இல்லை, கல் முழுக்க எழுத்து. ஆற்றாமையில் அதைப் படமெடுத்து அதிகாரிக்கு அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது.

“பளிச்சுன்னு தெரியுதேம்மா! நான் நேர்ல வந்தப்பவே இப்படிக் காட்டியிருக்கலாம்ல?”