வடக்குக் கயிறும் தெற்குக் கயிறும்

கரைவலை இழுக்கிறவனுக்கு மற்றப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தோணி வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வந்தால், அதன் இரண்டு கயிறுகளும் கரைக்கு வந்து சேரும். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. இடையில் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் கேட்காத தூரம். ஒரு பக்கம் முந்திவிட்டால் வலை கோணிக்கொள்ளும். அடிக்கயிறு மண்ணை விட்டுக் கிளம்பும். மீன் எல்லாம் கீழால் போய்விடும். அதனால் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு தலைவன் உண்டு. இரண்டு தலைவர்களும் தோளில் கிடக்கும் துவாய்த் துண்டை எடுத்துக் காட்டித்தான் ஒருவரோடு ஒருவர் கதைத்துக்கொள்வார்கள்.

சாய்ந்தமருதில் சீனிமுகம்மது முதலாளியின் வலைக்கு வடக்குக் கயிற்றுத் தலைவன் மீராசா. அந்தக் கரையிலேயே பிறந்தவர், பெரிய தொண்டைக்காரர். தெற்குக் கயிற்றை றஊப் என்பவன் பார்த்துக்கொண்டிருந்தான். கல்லோயாவில் அணை கட்டும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவன் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இங்கினியாகலைக்கு லொறி ஏறிவிட்டான். அவனுடைய இடத்துக்கு முதலாளி அச்சிமுகம்மதுவை வைத்தார்.

அச்சிமுகம்மது பாலமுனைக்காரன். சுபைறாவைக் கலியாணம் முடித்துச் சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். அதிகம் பேசமாட்டான். பாலமுனையில் வாப்பாவோடு வலை இழுத்துப் பழகிய கை. மீராசாவுக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது. “தம்பி, றஊபு போனது நல்லதாப் போச்சு” என்று தேத்தண்ணிக்கடையில் வைத்து எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அச்சிமுகம்மதுவும் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவரைக் காக்கா என்றே கூப்பிட்டான்.

அந்தப் பாரைமீன் கூட்டம் வந்த காலை வரைக்கும்தான் அது.

சூடையும் நெத்தலியுமான சின்ன மீன்கள் மட்டுமே பட்டுக்கொண்டிருந்த காலம். திடீரென்று பாரை ஒரு கூட்டமாக வலைக்குள் நுழைந்தது. கரையில் நின்றே வெள்ளி மினுங்குவதைப் பார்க்கலாம். தெற்குப் பக்கம் சற்று முந்தி வருவதைக் கண்ட மீராசா, அச்சிமுகம்மது வந்தபின் முதல் தடவையாக, துவாயைத் தலைக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அச்சிமுகம்மது அதைக் கண்டான். கண்டதும் தன் ஆட்களைப் பார்த்து, “இழுங்க, இழுங்க” என்றான். அவர்கள் அம்பா என்னும் இழுவைப் பாட்டை உரத்துப் பாடிக்கொண்டு குதிகாலை மணலில் ஊன்றி இழுத்தார்கள். மீராசா துவாயை இன்னும் உயரத் தூக்கினார். அவன் இன்னும் வேகமாக இழுத்தான். வலை கோணியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கப் பாரைக் கூட்டம் அடிக்கயிற்றுக்குக் கீழால் புகுந்து போனது. வலையின் பையான மடியில் மிஞ்சியது கொஞ்சம் சூடையும் பாசியும்.

மீராசா மணலில் ஓடி வந்தார். மீன் வாங்க வந்தவர்கள், முதலாளி, இழுத்த ஆட்கள் எல்லாரும் நின்றார்கள்.

“கண் தெரியாதா உனக்கு? பாலமுனையில என்ன, வலையா இழுக்கிற, மாடா இழுக்கிற?”

அச்சிமுகம்மதுவின் முகம் கறுத்துப் போனது. “நீங்க காட்டினதைத்தான் நான் செஞ்சன்.”

“நான் காட்டினதையா? இத்தனை பேர் பாத்துக்கொண்டு நிக்காங்க, என்னையே பொய்க்காரனாக்கிறியா?”

அச்சிமுகம்மது துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். இழு என்று கைகாட்டிவிட்டு, மீன் போனதும் ஊர் முன்னால் பழியைத் தன் தலையில் போட்டுவிட்டாரே என்பதுதான் அவன் நினைப்பு. வந்த மாப்பிள்ளை தலைவனாக இருப்பது பொறுக்கவில்லை போலும். மீராசாவோ, பொறு என்று அவ்வளவு தூக்கிக் காட்டியும் கேட்காதவன், நாளைக்கு வடக்குக் கயிற்றையும் தானே பார்ப்பதாகச் சொல்லத்தான் இந்த வேலை செய்கிறான் என்று முடிவு கட்டினார். துவாயைத் தூக்கினால் என்ன அர்த்தம் என்று இருவரில் ஒருவருமே கேட்கவில்லை. அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

பிறகு இருவரும் பேசுவதை நிறுத்தினார்கள். பள்ளியில் தொழுகைக்கு நிற்கும்போதுகூட இடையில் வேறு ஆள் நிற்கும்படி பார்த்துக்கொண்டார்கள். மீராசாவின் மனைவி லைலாவும் சுபைறாவும் மட்டும் ஒரே கிணற்றில் அள்ளினார்கள்.

“லைலா ராத்தா கேட்டா, உங்கட மனிசன் ஏன் எங்கட ஆளோட கதைக்கிறல்ல எண்டு” என்றாள் சுபைறா ஒருநாள் சோறு போடும்போது.

“அவட புருசனிட்டக் கேக்கச் சொல்லு.”

“கேட்டாவாம். உங்களிட்டக் கேக்கச் சொன்னாராம்.”

அச்சிமுகம்மது குழம்பை எடுத்து ஊற்றிக்கொண்டான்.

வலைதான் கெட்டது. மீராசா என்ன காட்டினாலும் அச்சிமுகம்மது வடக்கே திரும்புவதில்லை. தன் கண் அளவில் இழுத்தான். மீராசாவும் அப்படியே. ஒருநாள் வடக்கு முந்தும், மறுநாள் தெற்கு முந்தும். இழுக்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். முதலாளி இருவரையும் தனித்தனியே கூப்பிட்டுப் பார்த்தார். “அவர் பொய் சொன்னவர்” என்றான் ஒருவன். “அவன் சொல்லுக் கேக்காதவன்” என்றார் மற்றவர். கடைசியில் முதலாளி சலித்துப்போய், “இந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு உங்கள்ல ஒரு ஆள்தான் இந்த வலையில. ஆர் எண்டு நீங்களே முடிவெடுங்க” என்று சொல்லிவிட்டார்.

அந்த வெள்ளிக்கு முந்திய நாள் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. கச்சான் காற்று எழும்ப இன்னும் நேரம் இருந்தது. தோணியோட்டும் தண்டயல் அதாவுல்லா தோணியில் வலையைக் கொண்டுபோய் வளைத்துவிட்டு, வழக்கம்போல மடிக்குப் பின்னால் தோணியை நிறுத்திக்கொண்டார். கரையில் கயிறு இழுக்கத் தொடங்கியதுமே எல்லாருக்கும் பாரம் தெரிந்தது. வலை அசைவதாகவே இல்லை. ஆட்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாரைக் கூட்டம் திரும்பி வந்திருக்கிறது என்றார்கள். அம்பாப் பாட்டு இரண்டு பக்கமும் ஓங்கியது.

அப்போது மடிக்கு அப்பால் கடல் மூச்சு விட்டது.

அப்படித்தான் அதைப் பிறகு எல்லாரும் சொன்னார்கள். பெரிய துருத்தி ஒன்றை யாரோ அமுக்கியதுபோல ஒரு சத்தம். வெள்ளைப் புகைபோல நீர் சாய்வாக எழும்பிக் கரைந்தது. அது எழும்பின இடத்தில் கறுப்பாக ஒரு முதுகு தெரிந்தது. முதுகு என்று கண்டுகொள்ளவே நேரம் எடுத்தது. தோணிக்குப் பக்கத்தில் ஒரு கல்மலை முளைத்ததாகத்தான் கண்ணுக்குப் பட்டது. அது நகர்ந்தது. நகர்ந்துகொண்டே இருந்தது, முடியவில்லை. அதாவுல்லாவின் தோணி அதற்குப் பக்கத்தில் தேங்காய் மட்டைபோல ஆடியது.

பாட்டு நின்றது.

“திமிங்கிலம், யூனுஸ் நபியை விழுங்கின மீன்” என்றார் யாரோ, மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை.

அது வலையைச் சுற்றி வடக்கே போனது, திரும்பித் தெற்கே வந்தது. மறுபடி போனது. ஏன் போகிறது, ஏன் வருகிறது என்று கரைக்குப் புரியவில்லை. பிறகுதான் வலைக்குள்ளே இன்னொரு மூச்சு எழும்பியது. சின்ன மூச்சு. அதன் கீழே ஒரு சின்ன முதுகு. சின்னது என்றாலும் தோணியின் நீளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அது மிதப்புக் கட்டைகளின் வரிசைவரை வந்து, தொட்டு, பயந்து திரும்பியது. வெளியே பெரியது அந்த இடத்துக்கே வந்து நின்றது. நடுவில் நூல்வலை. அந்த முதுகின் ஒரு அசைவுக்கு அந்த வலை சிலந்திக்கூடு மாதிரி. ஆனாலும் அது மோதவில்லை. குட்டி நூலில் சிக்கிக்கொள்ளும் என்று அதற்குத் தெரிந்திருந்ததோ என்னவோ.

முன்வரிசையில் இடுப்பளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அச்சிமுகம்மதுவின் கால்களில் ஏதோ தட்டியது. மீன் என்று நினைத்துக் குனிந்தான். ஒன்றும் இல்லை. மறுபடியும் தட்டியது. எலும்பில், பிறகு வயிற்றில், பிறகு நெஞ்சுக்குள். கதவை யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல, விட்டு விட்டு. காதுக்கு அது சரியாகக் கேட்கவில்லை, உடம்புக்குத்தான் கேட்டது. பெரியது தட்டும், சின்னது பதில் தட்டும். அவன் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தான். அவர்களும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். அவனுக்கு உரோமம் சிலிர்த்தது. தங்கள் நடுவில், தங்கள் உடம்புகளுக்கு ஊடாக, ஒரு பேச்சு போய்க்கொண்டிருந்தது.

அவனை அறியாமலே அன்றைக்கு அவன் வடக்கே திரும்பிப் பார்த்தான். அங்கே மீராசா இரண்டு கையாலும் துவாயைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவனுக்கு நெஞ்சு எரிந்தது. இதையா இழுக்கச் சொல்கிறான்? இந்தக் குட்டியைக் கரைக்கு இழுத்துப் போட்டுத் தாயையும் பின்னால் வர வைக்கவா? கயிற்றைப் பக்கத்தில் நின்றவன் கையில் கொடுத்துவிட்டு மணலில் ஏறினான். ஓடினான். ஈரச் சாரன் காலைத் தடக்க, இரண்டு கயிறுகளுக்கும் நடுவே கிடந்த அவ்வளவு கரையையும் ஓடிக் கடந்து மீராசாவின் முன்னால் போய் நின்றான். மூச்சு வாங்கியது.

“நீ என்ன மனிசன்? அல்லாஹ்வுக்குப் பயம் இல்லையா? இழு எண்டு காட்டுறாய்?”

மீராசா துவாயை இறக்கவில்லை. அவர் முகத்திலும் இரத்தம் இல்லை. “இழு எண்டு ஆர் காட்டினது? பொறு எண்டெல்லவா காட்டுறன்.”

“பொறுவா?”

“துவாயைத் தூக்கிப் பிடிச்சா பொறுதானே. வேற என்ன?”

அச்சிமுகம்மது அந்தத் துவாயைப் பார்த்தான். “எங்கட ஊரில அது இழு. மீன் வாய்க்கு வந்திட்டு, விடாம இழு எண்டு.”

மீராசாவின் கைகள் மெல்ல இறங்கின.

“அண்டைக்கும்?”

“அண்டைக்கும்.”

கடல் மறுபடி மூச்சு விட்டது. இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். பெரியது இப்போது இன்னும் கரைக்குக் கிட்ட வந்திருந்தது. தலை சதுரமாக, கரும்பாறை போல, நீரில் தழும்பு தழும்பாகக் கோடுகளோடு தெரிந்தது. இந்த ஆழத்துக்கு மேல் அது வந்தால் மண்ணில் தட்டும், பிறகு போக முடியாது என்று இருவருக்கும் தெரியும். பாரையைப் பற்றிப் பேச அப்போது நேரம் இருக்கவில்லை. பேச வேண்டும் என்றும் தோன்றவில்லை.

“ஒரு பக்கத்தை விடோணும்” என்றார் மீராசா.

“என்ட பக்கம்தான் ஆழம். தெற்குக் கயிறை நான் விட்டு, வலைட கையைக் கடலுக்குத் தள்ளிக்கொண்டு போறன். நீங்க வடக்க இறுக்கிப் பிடிச்சா கதவு மாதிரித் திறக்கும், காக்கா.”

“பிடிக்கன். உயிர் போனாலும் பிடிக்கன். நீங்க போங்க.”

அவர் அவனை நீங்க என்று சொன்னதை அவன் கவனித்தானோ தெரியாது. திரும்பி ஓடிக்கொண்டிருந்தான்.

முதலாளி சீனிமுகம்மது கரையில் ஒரு மணல்மேட்டில் நின்றார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் தடுக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சுப்ஹானல்லாஹ், சுப்ஹானல்லாஹ் என்று உதடு அசைய நின்றார்.

தெற்குக் கயிறு விடப்பட்டது. அச்சிமுகம்மதுவும் நன்றாக நீந்தத் தெரிந்த சிலரும் வலையின் கையான தெற்கு ஓரத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போனார்கள். வடக்கே மீராசாவின் ஆட்கள் ஒருவருக்குப் பின் ஒருவராக மணலில் உட்கார்ந்து, பாதம் புதையக் கயிற்றைப் பிடித்தார்கள். வலை மெதுவாகத் திரும்பியது. மிதப்புக் கட்டைகளின் வரிசை வளைந்து, நிமிர்ந்து, தெற்கே ஒரு வழி பிறந்தது.

குட்டிக்கு அது விளங்கவில்லை. நடுவிலேயே சுழன்றுகொண்டிருந்தது. பெரியது திறந்த வாசலுக்கு நேரே போய் நின்று தட்டத் தொடங்கியது. நீந்திக்கொண்டிருந்தவர்களுக்கு நெஞ்செலும்பு உதறியது. குட்டி திரும்பியது. நேராக வந்தது. கழுத்தளவு நீரில் வலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அச்சிமுகம்மதுவைக் கை நீட்டினால் தொடும் தூரத்தில் கடந்து போனது. போகும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்போது அதன் கண் அவனைப் பார்த்தது. சின்னக் கண், மனிதக் கண்ணைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம். அவன் கையை நீட்டவில்லை. கலிமாவைச் சொல்ல நினைத்தான். அதற்குள் அது கடந்து போய்விட்டது.

இரண்டும் சேர்ந்தன. பெரியது குட்டியைத் தன் பக்கத்தில் ஒதுக்கிக்கொண்டு திரும்பியபோது எழுந்த அலை தண்ணீரில் நின்ற எல்லாரையும் கொண்டுபோய் மணலில் போட்டது. எழும்பிப் பார்த்தபோது தூரத்தில் இரண்டு மூச்சுகள் தெரிந்தன. பிறகு ஒன்றும் இல்லை. அதாவுல்லா தோணியைக் கரைக்குக் கொண்டுவந்து இறங்கி, மணலில் நெற்றியை வைத்து நெடுநேரம் சுஜூதில் கிடந்தார்.

அன்றைக்கு மீன் இல்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. வலையின் தெற்குக் கை நன்றாகக் கிழிந்திருந்தது. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. முதலாளி தான் சொன்னதை மறந்தவர்போல இருந்துவிட்டார்.

கிழிந்த வலையைத் தாழை நிழலில் விரித்துப்போட்டு மீராசாவும் அச்சிமுகம்மதுவும் எதிரும் புதிருமாக இருந்து பொத்தினார்கள். பாலமுனையில் துவாயை வலப்பக்கம் வீசினால் என்ன, தோளில் போட்டால் என்ன என்று மீராசா ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்றிரண்டில் மட்டும் வேறுபாடு இருந்தது. மற்றதெல்லாம் ஒன்றுதான். பிறகு இருவரும் ஊசியை ஓட்டினார்கள்.

“தம்பி” என்றார் மீராசா. பெரிய தொண்டைக்காரர் அப்படித் தாழ்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. “அது உங்களப் பாத்ததாமே.”

“ஓம், காக்கா.”

“எப்படி?”

அச்சிமுகம்மது ஊசியை நிறுத்திவிட்டு யோசித்தான். வீட்டில் சுபைறா கேட்டபோதும் அவனால் சொல்ல முடியவில்லை.

“ஆள் எண்டு பாத்த மாதிரி இல்ல, மீன் எண்டு பாத்த மாதிரியும் இல்ல” என்றான் கடைசியில். “என்னைத்தான் பாத்த மாதிரி.”

மீராசா தலையை ஆட்டினார். அச்சிமுகம்மதுவின் ஊசியில் நூல் முடிந்துபோயிருந்தது. அவர் தன் பக்கத்தில் இருந்த உருண்டையிலிருந்து ஒரு நீளம் அறுத்து அவனிடம் நீட்டினார்.